சாளரத்தைத் திறப்பதா, சாத்துவதா?



பெங்களூர் நகரத்தில் கார்த்திகை பிறந்து தை முடியும்வரை நம்முடைய உபாசகர் இல்லங்களில் ஒரு பூசல் தவறாமல் எழுகின்றது. அது சொத்தைப் பற்றியதன்று. சம்பந்தம் செய்வதைப் பற்றியதுமன்று. இரவில் சாளரம் திறந்திருக்க வேண்டுமா, சாத்தியிருக்க வேண்டுமா, மின்விசிறி சுழல வேண்டுமா, நிற்க வேண்டுமா என்பதே அந்தப் பூசல். மாமியார் சாத்தச் சொல்வார். மகன் திறக்கச் சொல்வான். மருமகள் இருவருக்கும் நடுவே எழுந்தெழுந்து நடப்பாள். பங்குனி சித்திரை வந்தால் கட்சிகள் மாறும், பூசல் மாறாது. “இதையும் தம்ம பாடமாகப் பேச வேண்டுமா?” என்று சிலர் நகைக்கலாம். பேசத்தான் வேண்டும். ஏனெனில் திரிபிடகத்திலேயே இது பேசப்பட்டிருக்கின்றது.

சிறு காரியத்தால் பெரும் பிளவு நேரும் என்பதற்குக் கோசம்பி நகரத்துச் சங்கமே சான்று. ஒரு பிக்கு கழிப்பிடத்துப் பாத்திரத்தில் மீந்த நீரைக் கொட்டாமல் வைத்துவிட்டார் என்பதில் அந்த வழக்குத் தொடங்கியதாக உரைநூல்கள் கூறுகின்றன. வினயம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருபுறம், தம்மம் உரைக்கும் ஆசிரியர் மறுபுறம். அவரவர் மாணாக்கர் அவரவர் பின்னே. பகவன் புத்தரே நேரிற் சமாதானம் கூறியும் அவர்கள் செவிசாய்க்கவில்லை. ஆதலின் அவர்களை விட்டுத் தனியே வனம் புகுந்தார். மீந்த நீருக்காகப் பிக்குகளே பிரிந்தார்கள் என்றால், சாளரக் கதவுக்காக நாம் பிரியோம் என்று எண்ணிக்கொள்ளுதல் அறியாமையாகும்.

முதலில் இவ்வூரின் தன்மையைச் சற்று நோக்குவோம். பெங்களூர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது. நம் முன்னோர்களோ பெரும்பாலும் வடார்க்காடு, சேலம் ஜில்லாக்களின் வெப்பச் சமவெளியிலிருந்து பிழைப்பு நாடி இங்கு ஏறி வந்தவர்கள். 1884-ஆம் ஆண்டு சனவரி 13-ஆம் நாள் இந்நகரில் வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. அதனினும் குறைந்த அளவு இங்கே பதிவானதில்லை. பின்னி ஆலை என்று பின்னாளில் பெயர்பெற்ற கம்பளி, பருத்தி, பட்டு ஆலை தோன்றியதும் அதே 1884-இல்தான். இரண்டிற்கும் தொடர்பு உண்டென்று நாம் சொல்ல வரவில்லை. நினைவில் வைத்துக்கொள்ள எளிது என்பதற்காகச் சொன்னோம். இக்காலத்தில் டிசம்பர், சனவரி இரவுகளில் பெரும்பாலும் 15, 16 டிகிரி அளவிலேயே நிற்கின்றது. வடநாட்டார் இதைக் குளிர் என்றே ஒப்புக்கொள்ளார். ஆனால் அவர்களுக்குப் பஞ்சு மெத்தைப் போர்வை உண்டு. பனிநாட்டார்க்கு வீட்டையே சூடேற்றும் பொறி உண்டு. பெங்களூர் ஏழையின் வீடோ குளிருக்கென்றும் கட்டப்படவில்லை, வெயிலுக்கென்றும் கட்டப்படவில்லை. தகடு வேய்ந்த கூரை பகலில் கொதிக்கும், விடியற்காலையில் குளிர்ந்து சொட்டும். காங்கிரீட் தளமோ பகலில் உண்ட வெயிலை இரவெல்லாம் கக்கும். மின்விசிறியே வேண்டாத ஊர் என்று பெரியோர் பெருமை பேசிய இந்நகரில் 2016 ஏப்ரலில் வெயில் 39 டிகிரியைத் தாண்டிற்று. ஆகவே பூசல் ஒரு பருவத்தோடு முடிவதில்லை.

இன்னொன்று கவனிக்கத்தக்கது. நாம் நூற்பாலையில் ரிங் பிரேம் கூடத்தில் வேலை பார்த்த நாட்களில், கூடத்துச் சாளரங்களை எவரும் திறக்கலாகாது. காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறும். பஞ்சுத் தூசி பறக்கும். ஆதலால் நீர்த்தூவல் கருவிகள் ஓயாது ஓடும். அக்கூடத்தின் வெப்பமும் ஈரமும் நூலின் பொருட்டு வகுக்கப்பட்டவை. ஆளின் பொருட்டு அல்ல. எட்டு மணி நேரம் நூலுக்கேற்ற காற்றில் நின்ற ஆள் இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்பும்போது, அவன் உடல் காற்றுக்காகத் தவிக்கும். வீட்டிலோ மனையாள் குழாயடியில் தண்ணீரிற் கை நனைத்துப் பாத்திரம் துலக்கிவிட்டுச் சிவப்புக் காவித் தரையில் சமுக்காளம் விரித்துப் படுத்திருப்பாள். அவனுக்கு வியர்க்கும், அவளுக்கு விறைக்கும். தமிழ்ப் பௌத்தம் வேரூன்றிய கோலார் தங்கவயலிலும் இதே நிலை இருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. அடித்தளத்துப் பாறையின் வெப்பம் 60 டிகிரியைக் கடந்தது. அங்கிருந்து மேலேறி வந்தவன் படுத்ததோ மூங்கில் தட்டிச் சுவர் வைத்த லைன் வீட்டில். சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. பின்னி ஆலையின் சங்கும் இப்போது ஊதுவதில்லை. ஆனால் அந்தத் தொழிலாளியின் பேரன் குளிரூட்டிய கூடத்தில் பகலெல்லாம் அமர்ந்துவிட்டு வீட்டுக்கு வந்து, “இங்கே புழுங்குகிறது” என்கின்றான். இடம் மாறியதே தவிர வழக்கு மாறவில்லை.

இப்போது பாடத்திற்கு வருவோம்.

பன்னிரு நிதானங்களுக்கு மணிமேகலைக் காப்பியம் வழங்கும் தமிழ்ப் பெயர்களுள் நான்கை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம்: ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று. சாளரத்தின் வழியே வந்த காற்று உடலில் படுகின்றது, அது ஊறு. குளிர்கின்றது என்று தோன்றுகின்றது; அது நுகர்வு. சாத்த வேண்டும் என்று மனம் எழுகின்றது, அது வேட்கை. ‘இது என் வீடு, என் சொற்படியே சாத்தப்பட வேண்டும்’ என்று மனம் பிடித்துக்கொள்கின்றது, அது பற்று. இந்நான்கில் முதல் இரண்டும் குற்றமாகா. காற்றுப் படுவதை எவராலும் தடுக்க இயலாது. பட்ட உடல் குளிர்வதும் எவர் விருப்பத்தையும் கேட்டு நடப்பதன்று. பூசலின் வேர் பற்றில் இருக்கின்றது. ஆனால் நம்மவர் வாதிடுவது எதைப் பற்றி? நுகர்வைப் பற்றியே வாதிடுகின்றனர். “இதெல்லாம் ஒரு குளிரா?”, “எல்லோருக்கும் வியர்க்காதது உனக்கு மட்டும் ஏன் வியர்க்கிறது?”, “மங்கிக் குல்லாய் போட்டுக்கொண்டு நடிக்காதே.” ஒருவரது நுகர்வை மற்றொருவர் பொய்யென்று நிலைநாட்ட முடியாது. வெப்பமானி அறையின் வெப்பம் 19 டிகிரி என்று காட்டும். படுத்திருக்கும் தாய்க்குக் குளிர்கின்றதா என்பதை அது காட்டாது.

உடல்கள் பலவிதம் என்பதை இன்றைய மருத்துவமும் உறுதிசெய்கின்றது. உடலின் உள்ளே எரியும் சூட்டுக்குத் தசையும் ஒரு காரணம். முதுமையில் தசை குறைகின்றது, சூடும் குறைகின்றது. சராசரியாகப் பெண்களின் உடல் ஆடவரின் உடலைக் காட்டிலும் குறைந்த சூட்டையே பிறப்பிக்கின்றது. அவர்தம் கைகால்களும் விரைவிற் குளிர்கின்றன. மாதவிடாய் நிற்கும் வயதிலோ, நடு இரவில் திடீரென உடல் பற்றி எரிவதுபோல் வியர்த்துக் கொட்டும். அப்பெண் போர்வையை உதறிச் சாளரத்தைத் திறந்தால் அது பிடிவாதம் ஆகாது. அலுவலகங்களின் குளிர்ச்சியை அளவிட 1960-களில் வகுத்த கணக்கு 40 வயதும் 70 கிலோ எடையும் உள்ள ஓர் ஆடவனின் உடலை அடிப்படையாகக் கொண்டது என்றும், பெண்களுக்கு அது பொருந்தவில்லை என்றும் நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர் 2015-இல் எடுத்துக்காட்டினர். உலகம் முழுவதும் கோடிக்கணக்கான பெண்கள் மேசைக்கடியில் கால்களை மடக்கி, தோளிற் சால்வை போர்த்து அமர்ந்திருந்தது ஓர் ஆடவனின் உடலை எல்லோருடைய உடலாகவும் கொண்டதனால்தான். வீட்டிலும் நாம் செய்வது அதுவே.

எப்போதும் தனக்கு மட்டும் குளிர்கின்றது என்று சொல்லும் பெண்ணை இகழாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். இரத்தசோகையாலும் தைராய்டுச் சுரப்பி குன்றுவதாலும் அவ்விதம் நேரும். இரண்டும் இரத்தப் பரிசோதனையால் தெரியவருவன; மருந்தால் சீர்படுவன. “உனக்கு எப்போதும் இதே பாட்டு” என்று பல ஆண்டு கேலிசெய்யப்பட்டவர், பிற்பாடு நோயாளி என்று அறியப்பட்டதை நாம் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளிற் கண்டிருக்கின்றோம். மிக முதியோர் விஷயத்தில் இதற்கு நேர்மாறான எச்சரிக்கையும் வேண்டும். குளிரை உணரும் ஆற்றலே அவர்களிடம் மங்கிவிடும். “எனக்கொன்றும் குளிரவில்லை” என்று கிழவர் சொல்வதை மட்டும் நம்பாமல், அவர் பாதத்தையும் வயிற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இனி, பகவன் புத்தர் இதை எவ்விதம் கையாண்டார் என்பதைக் காண்போம். பிக்குகள் துணிமூட்டைகளைத் தலையிலும் தோளிலும் சுமந்து செல்வதை அவர் ஒருமுறை கண்டார். எத்தனை ஆடை போதும் என்று வரம்பு செய்ய எண்ணினார். பிறரைக் கேட்டு எண்ணிக்கை போடவுமில்லை. தம் தவவலிமையைக் கொண்டு ‘ஒன்று போதும்’ என்று ஆணையிடவுமில்லை. வைசாலி நகரத்துக் கோதமகச் சேதியத்தில், பனி பெய்யும் கடுங்குளிர் இரவில், ஒற்றை ஆடையுடன் திறந்தவெளியில் அமர்ந்தார். முதற் சாமம் கழிந்ததும் குளிர்ந்தது. இரண்டாவது ஆடையைப் போர்த்தார். நடுச்சாமம் கழிந்ததும் குளிர்ந்தது; மூன்றாவதைப் போர்த்தார். விடியலில் நான்காவது வேண்டியிருந்தது. அதன் பின்னரே இரட்டை மடிப்புடைய மேற்போர்வை ஒன்று, ஒற்றை ஆடை இரண்டு என மூன்று சீவரங்களை அனுமதித்தார். இரண்டும் ஒன்றும் ஒன்றும் கூட்டினால் நான்கு மடிப்பு. தம் உடலில் அளந்து கண்ட அதே நான்கு. குளிர் தாங்காத மென்மையான உடலோடு துறவு பூண்டவர்களும் இதனால் காலங்கழிக்க இயலும் என்பதே அவர் கொண்ட அளவுகோல்.

இவ்வரலாற்றில் நாம் மிகவும் ஊன்றிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரே இரவில், ஒரே உடலில், ஒன்றிலிருந்து நான்கு வரை தேவை மாறிற்று. போதிசத்துவராய்ப் பல பிறவி பழகிய உடலுக்கே ஓரிரவுக்குள் ஓர் அளவு நிலைக்கவில்லை. ஒரே அறையிற் படுக்கும் ஐந்து பேருக்கு விடியும்வரை ஓர் அளவு எங்ஙனம் நிலைக்கும்? அடுத்து, பகவன் மாற்றியது ஆடையை. அறை எல்லோருக்கும் பொது. போர்வை ஒருவருக்கு உரியது. எனவே பொதுவானதை நடுநிலையில் வைத்து, குறைவதை அவரவர் போர்வையால் நிரப்புவதே முறை. குளிர்பவர் இன்னொரு போர்வை போர்க்கலாம்; வியர்ப்பவர் தோலை உரித்து வைக்க இயலாது என்று நம் தாய்மார் சொல்வதும் இதையொட்டியதே. ஆயினும் போர்வை இல்லாத வீட்டில் இந்நீதி பேசுதல் பாவம். முதலிற் போர்வை வாங்குக.

சாளரத்தைப் பற்றிய நேர்விதி சுல்லவக்கத்தில், உறைவிடக் கடமைகள் கூறும் பகுதியில் இருக்கின்றது. குளிர்காலமாயின் சாளரங்களைப் பகலில் திறந்து இரவில் சாத்த வேண்டும். வெப்பகாலமாயின் பகலில் சாத்தி இரவில் திறக்க வேண்டும். கிழக்கிலிருந்து புழுதிக்காற்று வீசினால் கிழக்குச் சாளரத்தைச் சாத்த வேண்டும். மற்றத் திசைகளுக்கும் அவ்வாறே. இன்று கட்டடக் கலைஞர் சொல்வதும் இதுதான். சித்திரைப் பகலில் சாளரத்தைத் திறந்து வைத்து அனலை உள்ளே அழைத்துவிட்டு, இரவில் கொசுவுக்கு அஞ்சிச் சாத்திக்கொள்ளும் நம் வழக்கம் முற்றிலும் தலைகீழானது. கொசுவலை அடித்த சாளரம் ஒன்று இருந்தால் பூசலில் பாதி ஓய்ந்துவிடும்.

அதே பகுதியில் இன்னொரு விதியும் உண்டு. மூத்த பிக்குவோடு ஓர் உறைவிடத்தில் தங்கும் இளையவர், அவரைக் கேளாமல் விளக்கேற்றலாகாது, விளக்கணைக்கலாகாது, சாளரத்தைத் திறக்கலாகாது, சாத்தலாகாது. இதைப் படித்தவுடன் நம் மாமியார்மார் மகிழ்ந்துவிடக் கூடும். பொறுத்தருள்க. மூத்தவரின் விருப்பமே சட்டம் என்று அவ்விதி சொல்லவில்லை; கேட்க வேண்டும் என்று சொல்கின்றது. கேட்பது என்பது, அதே அறையில் வேறோர் உடல் இருக்கின்றது என்பதை ஒப்புக்கொள்வது. துறவற நெறியில் அது இளையவர் கடமையாக வைக்கப்பட்டது. இல்லறத்திலோ, சிகாலனுக்கு உரைத்த தம்மத்தில், கணவன் மனைவியை மதிக்க வேண்டும், இகழலாகாது என்று அவன் கடமையும் எண்ணிச் சொல்லப்பட்டிருக்கின்றது. ஆதலின் நம் வீடுகளில் கேட்கும் கடமை எல்லாப் பக்கமும் ஓடும். கேட்கப்படாதவள் பெரும்பாலும் மருமகளே என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. நடு இரவில் எழுந்து சாத்தி, மீண்டும் எழுந்து திறந்து, ஏவல் செய்பவள் அவள். அவளுக்குக் குளிர்கின்றதா வியர்க்கின்றதா என்று எவரும் வினவுவதில்லை.

ஸ்ரீராமபுரத்தில் நாம் அறிந்த ஓர் இல்லத்தைச் சொல்லுவோம். ஒரே கூடமும் அடுக்களையும் உள்ள வீடு. எழுபது கடந்த தாய், மகன், மருமகள், பள்ளி செல்லும் இரு பிள்ளைகள். மின்விசிறியினால் வந்த சொல் முற்றி, மகன் தனிக்குடித்தனம் போவதற்கு முன்பணம் கொடுக்கும்வரை சென்றுவிட்டது. தாய் உண்ண மறுத்திருந்தார். நாம் சென்று பார்த்தபோது, தாயின் கட்டில் சாளரத்திற்கு நேர்கீழே மின்விசிறியின் அடியில் கிடந்தது. முப்பது ஆண்டுகளாக அதுவே அவர் இடம். கணவர் போட்டுவைத்த கட்டில். அதை நகர்த்துவது தம்மையே நகர்த்துவது என்று அவர் எண்ணியிருந்தார். அவர் அஞ்சியது குளிரை மட்டும் அன்று என்பது அப்போதுதான் விளங்கிற்று. மருமகளே அருகில் அமர்ந்து, “அத்தை, அடுப்புச் சுவர் இரவெல்லாம் வெதுவெதுப்பாக இருக்கும், அந்தப் பக்கம் படுத்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் நானே பழைய இடத்தில் போட்டுத் தருகிறேன்” என்றாள். ஒரு வாரம் பார்ப்பதென்று ஒப்பினார். கட்டில் பின்னர்த் திரும்பவில்லை. மின்விசிறி இரண்டாம் எண்ணில் ஓடுகின்றது. பூசல் அடியோடு ஒழிந்தது என்று சொல்லமாட்டோம். சென்ற மார்கழியிலும் ஒருநாள் சொற்கள் எழுந்தன. ஆனால் முன்பணம் திரும்ப வந்துவிட்டது.

இனி ஆபத்தான ஒன்றைப் பற்றி எச்சரிக்க வேண்டும். பிள்ளை பெற்ற பெண்ணையும் சிசுவையும் காற்றுப் புகாத அறையில் வைத்து, கரிநெருப்பும் சாம்பிராணிப் புகையும் இடும் வழக்கம் தமிழரிடத்தும் கன்னடரிடத்தும் உண்டு. சிசுவுக்குச் சூடு தேவை என்பது உண்மையே. அதன் உடல் விரைவிற் குளிரும். ஆனால் மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று எழும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம், உறக்கம், பிறகு விழிப்பில்லை. வடநாட்டிற் குளிர்காலந்தோறும் இவ்விதம் குடும்பங்கள் மாண்ட செய்தி வருகின்றது; நம் மலையூர்களிலும் அறைக்குள் கரியடுப்பு வைத்து உறங்கியவர் இறந்திருக்கின்றனர். சிசுவைத் தாயின் மார்போடு தோல் படச் சேர்த்து மேலே போர்த்துவதே சிறந்த சூடு. நோயற்ற பிக்கு குளிர்காயத் தீமூட்டலாகாது என்று வினயத்தில் ஒரு விதி உண்டு. பொந்துள்ள பெருங்கட்டையைப் பிக்குகள் எரித்தபோது, உள்ளிருந்த பாம்பு சூடு தாளாமல் வெளிவந்து அவர்களைத் துரத்தியதால் அவ்விதி பிறந்தது. நோயுற்றோர்க்கு விலக்கு அளிக்கப்பட்டது. நம் காலத்துக் கரியடுப்பில் உள்ள பாம்பு கண்ணுக்குத் தெரியாதது.

எந்நேரமும் எல்லாவற்றையும் அடைத்து வைப்போர்க்கு இன்னொரு சொல். ஓரறையில் ஐந்தாறு பேர் படுக்கும் வீட்டில் எவருக்கேனும் காசநோய் இருந்தால், அடைத்த காற்றே அதை மற்றவர்க்குக் கொண்டுசெல்லும். நெடுநாள் இருமல் உள்ள வீட்டில் சாளரம் திறந்திருப்பது விருப்பத்தைப் பொறுத்ததன்று.

மின்சாரச் சூடேற்றியைப் பற்றியும் கேட்கின்றனர். 2,000 வாட் பொறி இரவில் நான்கு மணி நேரம் எரிந்தால் 8 யூனிட். மாதம் 240 யூனிட். 2023-இல் கர்நாடக அரசு தொடங்கிய கிருக ஜோதித் திட்டத்தில் 200 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் முழுவதையும் நாமே செலுத்த வேண்டும். அச்செலவில் நல்ல கம்பளிகள் சில வாங்கலாம். கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியேறிய நம் உறவினர் வீடுகளிலோ சுவரிலுள்ள ஒரு சிறு திருகைப் பற்றியே பூசல். தொரந்தோ நகரத்தில் குளிர்காலத்தில் வாடகை வீட்டின் வெப்பம் 21 டிகிரிக்குக் குறையலாகாது என்று நகரச் சட்டமே இருக்கின்றது. அது வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் உள்ள வழக்கைத் தீர்க்கும். கணவனுக்கும் மனைவிக்கும் உள்ளதைத் தீர்ப்பதில்லை.

அனுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்னும் மூவர் கோசிங்கச் சாலவனத்தில் பாலும் நீரும்போற் கலந்து வாழ்ந்தனர். எங்ஙனம் இயன்றது என்று பகவன் வினவியபோது, தம் விருப்பத்தை ஒதுக்கி மற்ற இருவர் விருப்பப்படி நடப்பதாக அனுருத்தர் விடையிறுத்தார். நந்தியரும் கிம்பிலரும் அதையே சொன்னார்கள். மூவரும் சொன்னார்கள் என்பதே இங்கு உயிர்நிலை. ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் எந்நாளும் விட்டுக்கொடுத்து, மற்றவர் எந்நாளும் பெற்றுக்கொண்டால் அதற்கு இந்த வரலாற்றை மேற்கோள் காட்டுதல் தகாது.

சென்ற உபோசத நாளில் ஓர் உபாசிகை கேட்டார்: “எல்லோரும் உறங்கியபின் எனக்குக் குளிர்ந்தால், யாரை எழுப்பிக் கேட்பது?” எழுப்ப வேண்டுவதில்லை. விளக்கணைக்குமுன், பஞ்சசீலம் சொல்லி முடித்தவுடன், வீட்டிலுள்ள ஒருவர் மற்ற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்கட்டும். வாரம் ஒருவர் முறை, பிள்ளைகளும் உட்பட. சாளரம் எந்த அளவில் நிற்கும், விசிறி எந்த எண்ணில் ஓடும் என்பது அப்போதே முடிவாகட்டும். இரவில் மாறும் தேவைக்காக ஒவ்வொருவர் தலைமாட்டிலும் மடித்த துப்பட்டி ஒன்று இருக்கட்டும். உடல் நலிந்தவர் மட்டும் எந்நேரமும் எவரையும் எழுப்பலாம்.